ஒட்டுக்கேட்கும் உத்தரவை யார் பார்க்கிறார்கள்?

தேனி மாவட்டம் சின்னமனூரிலிருந்து தென்பழனி சோதனைச் சாவடியைத் தாண்டி மேகமலைக்கு ஏறுகிறவர்களுக்கு, எந்தக் கொண்டை ஊசி வளைவில் சிக்னல் போகும், எந்தத் திருப்பத்தில் மறுபடி வரும் என்பது மனப்பாடம். ஹைவேவிஸ், மணலார், மேல் மணலார், வெண்ணியார், மகாராஜாமெட்டு, இரவங்கலார் என்று தேயிலைக்குள் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளில், டவர் கிடைக்கும் மேட்டைத் தேடிப் போய்த்தான் பல பேர் பேசுகிறார்கள். மழை பிடித்துக்கொண்டால் அதுவும் நிச்சயமில்லை. இப்படிப்பட்ட ஊர்களுக்கென்றே இந்தியாவின் ஒட்டுக்கேட்பு விதிகளில் தனியாக ஒரு வரி இருக்கிறது. மலையில் இருப்பவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சமவெளியில் இருக்கும் நமக்கும் தெரியாது.

ஒருவருடைய போன் பேச்சையோ இணையச் செய்தியையோ இடைமறிக்க வேண்டும் என்றால், மத்திய அரசில் உள்துறைச் செயலாளரோ மாநிலத்தில் மாநில உள்துறைச் செயலாளரோ எழுத்தில் உத்தரவிட வேண்டும். இது பொது விதி. தொலைதூரப் பகுதிகளில் முன்கூட்டியே உத்தரவு வாங்க முடியவில்லை என்றாலோ, நடவடிக்கைக் காரணங்களால் முடியவில்லை என்றாலோ, அதிகாரம் பெற்ற அமைப்பின் உயர் அதிகாரியே ஒட்டுக்கேட்பைத் தொடங்கிவிடலாம். மாநிலத்தில் அவர் ஐ.ஜி. பதவிக்குக் குறையாதவராக இருந்தால் போதும். மூன்று வேலை நாளுக்குள் மேலே தெரிவிக்க வேண்டும், ஏழு வேலை நாளுக்குள் ஒப்புதல் வாங்க வேண்டும். 2007-இல் தந்தி விதிகளில் சேர்த்த 419ஏ-இல் இது இருந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2009 விதிகளிலும் இருக்கிறது. 2024 டிசம்பர் 6 அன்று மத்திய அரசு அறிவித்த புதிய தொலைத்தொடர்பு இடைமறிப்பு விதிகளும் இதை அப்படியே ஏற்றுக்கொண்டன. ஒப்புதல் கிடைக்காமல் போனால், ஒட்டுக்கேட்டதைச் சாட்சியமாகக்கூடப் பயன்படுத்தக் கூடாது என்று புதிய விதி சொல்கிறது. அந்த அளவுக்கு அது முன்னேற்றம்தான்.

ஆனால் அடிப்படைக் கேள்வி அப்படியே நிற்கிறது. மேகமலையில் இருப்பவரின் போனை ஒட்டுக்கேட்க யாரும் மேகமலைக்கு ஏறி வருவதில்லை. அது நகரத்தில், தொலைத்தொடர்பு நிறுவனத்தின் இயந்திர அறையில் நடக்கிறது. உத்தரவு கேட்கும் அதிகாரி தேனியிலோ மதுரையிலோ இருக்கிறார். உத்தரவு தரும் செயலாளர் சென்னைக் கோட்டையில் இருக்கிறார். இருவருக்கும் இடையே தொலைபேசி இருக்கிறது, மின்னஞ்சல் இருக்கிறது. தூரம் என்பது தோட்டத் தொழிலாளிக்குத்தான், அதிகாரிக்கு இல்லை. பிறகு, தொழிலாளி தூரத்தில் இருக்கிறார் என்பதற்காக அவருக்கான பாதுகாப்பை மட்டும் ஒரு படி இறக்குவது எந்த நியாயத்தில்?

இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு போனால், இந்திய ஒட்டுக்கேட்பு ஏற்பாடு முழுவதிலும் உள்ள ஓட்டை தெரியும். எந்தக் கட்டத்திலும், அரசுக்கு வெளியே இருக்கும் ஒருவர் அந்த உத்தரவின் நியாயத்தைப் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பத்தடிக்குப் பத்தடி அறை

கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு நெட் கனெக்‌ஷன் வேண்டும் என்றால் நாம் கேபிள்காரரைத்தான் கூப்பிடுகிறோம். அவர் பெரும்பாலும் ஓர் இணைய நிறுவனத்தின் உள்ளூர் முகவர். உரிமம் அந்த நிறுவனத்திடம் இருக்கிறது. உரிமத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் கடமைகளைப் பற்றி வாடிக்கையாளருக்கு யாரும் சொல்வதில்லை.

மத்திய தொலைத்தொடர்புத் துறை தரும் ஒருங்கிணைந்த உரிமத்தின்படி, கண்காணிப்புக்கான கருவிகளை இணைய நிறுவனம் தன் செலவில் நிறுவித்தர வேண்டும். கண்காணிப்புக்கென்று பத்தடிக்குப் பத்தடி அறை ஒதுக்க வேண்டும். தடையில்லா மின்சாரம், குளிர்சாதன வசதி, தனி டெலிபோன் லைன் ஆகியவற்றையும் நிறுவனமே தர வேண்டும். அந்த அறைக்குள் அரசு அனுமதித்தவர்கள் மட்டுமே நுழையலாம். இடத்துக்குச் சொந்தக்காரரான நிறுவனத்துக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க உரிமை கிடையாது.

யார் எப்போது யாரை அழைத்தார், எந்த ஐ.பி. முகவரி எந்த நேரத்தில் எந்த வாடிக்கையாளரிடம் இருந்தது போன்ற பதிவுகளை ஓராண்டு வைத்திருந்தால் போதும் என்று முன்பு இருந்தது. 2021 டிசம்பரில் அதைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் என்று மாற்றினார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவின்படி வரும் உத்தரவுக்கு நிறுவனம் ஒத்துழைக்காவிட்டால் ஏழு ஆண்டுகள் வரை சிறை. சட்டவிரோதமாக ஒட்டுக்கேட்பவருக்கு 2023 தொலைத்தொடர்புச் சட்டம் வைத்திருக்கும் உச்சபட்சச் சிறைத் தண்டனை மூன்று ஆண்டுகள். உத்தரவை மறுத்தால் ஏழு, உத்தரவே இல்லாமல் ஒட்டுக்கேட்டால் மூன்று என்ற கணக்கைப் பார்க்கும் எந்த நிறுவன அதிகாரி ஓர் உத்தரவை எதிர்த்துக் கேள்வி கேட்பார்?

கேள்வி கேட்காததால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே வழக்கு இருக்கிறது. 2005-இல் சமாஜ்வாதி கட்சித் தலைவர்களில் ஒருவரான அமர்சிங்கின் தொலைபேசியை ஒட்டுக்கேட்கச் சொல்லி ரிலையன்ஸ் இன்போகாமுக்குக் கடிதங்கள் போயின. அவை போலி. ஆனாலும் ஒட்டுக்கேட்பு நடந்தது. உண்மைகளை மறைத்தார் என்று சொல்லி அமர்சிங்கின் மனுவை 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனால், பிழைகள் மலிந்த அந்தக் கடிதங்களைப் பார்த்ததுமே நிறுவனத்துக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், அவை உண்மையா என்று விசாரித்திருக்க வேண்டும் என்று அதே தீர்ப்பு கண்டித்தது. ஒட்டுக்கேட்பில் தனியார் நிறுவனத்துக்கு ஒரு கடமை உண்டு என்பதை நீதிமன்றம் தெளிவாகச் சொன்ன இடம் இது.

2007 விதியில் அதற்கு ஓர் ஏற்பாடும் இருந்தது. நிறுவனம் இரண்டு மூத்த அதிகாரிகளைப் பொறுப்பாளர்களாக நியமிக்க வேண்டும். உத்தரவு வந்த இரண்டு மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக எழுதித்தர வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வந்த உத்தரவுகளின் பட்டியலைக் காவல், உளவு அமைப்புகளுக்குத் திருப்பி அனுப்பி, இவையெல்லாம் நீங்கள் அனுப்பியவைதானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். பலவீனமான ஏற்பாடுதான். ஆனாலும் அரசுக்கு வெளியே இருக்கும் ஒரு மனிதர் காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்க்கும் ஒரே கட்டம் அது.

அந்தக் கட்டத்தையும் தாண்டிப் போகும் வழியாகத்தான் மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் உருவாக்கிய மத்தியக் கண்காணிப்பு அமைப்பு வந்தது. நிறுவன ஊழியரின் கை படாமல், அரசு அமைப்பே நேரடியாக எண்ணை உள்ளீடு செய்து ஒட்டுக்கேட்க முடியும் என்பதே அதன் சிறப்பு என்று சொல்லப்பட்டது. தனியார் ஊழியர் வழியே ரகசியம் கசியக் கூடாது என்பது அரசின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் கசிவை அடைக்கப் போய், சாட்சியையும் சேர்த்து வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மலைப்பகுதிகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். இணைப்புக்கு மத்திய அரசின் பிஎஸ்என்எல்லை நம்பியிருக்கும் ஊர்கள் ஏராளம். கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை இணையத்தைக் கொண்டுபோகும் பாரத்நெட் பணியைத் தமிழ்நாட்டில் செய்வது மாநில அரசின் சொந்த நிறுவனமான டான்பிநெட். 12,525 ஊராட்சிகளை இணைக்கும் திட்டம் அது. நல்ல திட்டம், வேகமாக முடிய வேண்டிய திட்டம். ஆனால் கம்பி இழுப்பவரும் அரசு, உத்தரவு போடுபவரும் அரசு, உத்தரவைச் சரிபார்க்கும் குழுவும் அரசு என்றாகும்போது, கேள்வி கேட்கும் இடத்தில் யாருமே இல்லை.

ஒன்றரை நிமிடம்

சரிபார்க்கும் குழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்ட விவகாரத்தை முன்வைத்து மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் குல்தீப் சிங், சாகிர் அகமது. தொலைபேசியில் பேசுவது அந்தரங்க உரிமையில் அடங்கும் என்றார்கள். உத்தரவு இரண்டு மாதம் செல்லும், நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது, மறுஆய்வுக் குழு ஒன்று உத்தரவுகளைப் பார்க்க வேண்டும் என்றார்கள். நீதிபதியின் முன்அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையை மட்டும் ஏற்கவில்லை. அது அரசு விதி செய்து கொண்டுவர வேண்டியது என்று விட்டுவிட்டார்கள். எந்த அரசும் இன்றுவரை கொண்டுவரவில்லை.

மறுஆய்வுக் குழுவில் இருப்பவர்கள் யார்? மத்தியில் அமைச்சரவைச் செயலாளர், சட்டச் செயலாளர், தொலைத்தொடர்புச் செயலாளர். மாநிலத்தில் தலைமைச் செயலாளர், சட்டச் செயலாளர், உள்துறை அல்லாத இன்னொரு செயலாளர். எல்லாரும் அரசு அதிகாரிகள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். மத்திய அரசு மட்டும் மாதம் 7,500 முதல் 9,000 வரை தொலைபேசி ஒட்டுக்கேட்பு உத்தரவுகளைப் பிறப்பிக்கிறது என்ற தகவல், தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே வெளியே வந்தது. அதை வைத்து, ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டிய, நடக்கவே முடியாத வேலை இக்குழுவுக்கு இருக்கிறது என்று 2018-இல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு தன் அறிக்கையில் எழுதியது. உள்துறைச் செயலாளரின் பக்கம் இருந்து கணக்குப் போட்டால், நாளுக்கு 300 உத்தரவுகள். எட்டு மணி நேரமும் வேறு எந்தக் கோப்பையும் தொடாமல் உட்கார்ந்தாலும், ஒரு மனிதரின் அந்தரங்கத்துக்கு ஒன்றரை நிமிடம்தான் கிடைக்கும்.

குழுவின் முன் உத்தரவு போனதா என்று யாராவது கேட்டால் என்ன ஆகும் என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் காட்டியது. வருமான வரி அதிகாரி ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் லஞ்சம் தர முயன்றதாகச் சொல்லப்பட்ட வழக்கில், ஒரு தனியார் கல்வி நிறுவன நிர்வாக இயக்குநரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க 2011 ஆகஸ்டில் மத்திய உள்துறை உத்தரவிட்டிருந்தது. 2025 ஜூலை 2 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அந்த உத்தரவை ரத்துசெய்தார். பொது அவசர நிலை அல்லது பொதுப் பாதுகாப்பு, இவ்விரண்டில் ஒன்று இருந்தால் மட்டுமே தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவு ஒட்டுக்கேட்பை அனுமதிக்கிறது. குற்றத்தைக் கண்டுபிடிக்க ரகசியமாக நடக்கும் சாதாரண விசாரணை அதில் வராது என்றார். இடைமறித்த விவரங்கள் மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படவும் இல்லை. அப்படிக் கிடைத்த பேச்சுப் பதிவைப் பயன்படுத்த முடியாது என்று தீர்ப்பு முடிந்தது. அதற்குச் சில நாள் முன்புதான் தில்லி உயர் நீதிமன்றம், பெரிய அளவிலான பொருளாதாரக் குற்றம் பொதுப் பாதுகாப்பைப் பாதிக்கும் என்ற பார்வையை எடுத்திருந்தது. இந்த முரண்பாட்டை உச்ச நீதிமன்றம்தான் தீர்க்க வேண்டும். என் மனம் சென்னைத் தீர்ப்பின் பக்கம்தான். லஞ்சத்தின் மீது கோபம் இல்லாமல் அல்ல. ஒவ்வொரு குற்றத்தையும் பொதுப் பாதுகாப்பு ஆக்கிவிட்டால் சட்டத்தில் அந்த வரம்பு எதற்கு இருக்கிறது என்ற கேள்விக்கு மறுதரப்பில் பதில் இல்லை.

ஆனால் சென்னைத் தீர்ப்பு தரும் பாதுகாப்பு இணையத்துக்கு வந்து சேரவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவில் பொது அவசர நிலை, பொதுப் பாதுகாப்பு என்ற முன்நிபந்தனையே இல்லை. எந்தக் குற்றத்தின் விசாரணைக்கும் இடைமறிக்கலாம் என்று அந்தப் பிரிவு அகலமாகத் திறந்து கிடக்கிறது. 2018 டிசம்பர் 20 அன்று பத்து அமைப்புகளுக்கு மத்திய உள்துறை அதிகாரம் கொடுத்ததும் அந்தச் சட்டத்தின் கீழ்தான். மணலாரில் இருக்கும் ஒரு தாய், சிக்னல் நன்றாக இருக்கும் நாளில் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடன் சாதாரண அழைப்பில் பேசினால் ஒரு பாதுகாப்பு. சிக்னல் இல்லாத நாளில் வைபையில் மின்னஞ்சலோ குரல் செய்தியோ அனுப்பினால் அதைவிடக் குறைந்த பாதுகாப்பு. பேச்சு ஒன்றுதான், மனிதர்களும் அவர்கள்தான். வாட்ஸ்அப் போன்றவை செய்தியைப் பூட்டி அனுப்புவதால் நடுவில் இருக்கும் இணைய நிறுவனத்தால் அதைப் படிக்க முடியாது என்பது இப்போதைக்கு ஓர் ஆறுதல். ஆனால் யார் எப்போது இணைந்தார் என்ற பதிவு நிறுவனத்திடம் இருக்கிறது. பூட்டைத் திறந்து தரச் சொல்லும் அதிகாரமும் அதே 69-ஆம் பிரிவில் இருக்கிறது.

காவல் துறையின் தேவையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆந்திரப் பக்கமிருந்து வரும் கஞ்சா, கம்பம் வழியாகக் கேரளத்துக்குக் கடத்தப்படுவது ஊரறிந்த செய்தி. 2008 ஏப்ரலில் கொடைக்கானல் வடகவுஞ்சிக் காட்டில் மாவோயிஸ்டுகளுடன் துப்பாக்கிச் சண்டையே நடந்தது. கடத்தல்காரரைப் பிடிக்கப் போன் பதிவு வேண்டும், சில நேரம் பேச்சும் வேண்டும். அழைப்புப் பட்டியலை எஸ்.பி. நிலை அதிகாரி இப்போதே கேட்டு வாங்க முடிகிறது. அதற்கு உள்துறைச் செயலாளரின் உத்தரவுகூடத் தேவையில்லை. பேச்சையே கேட்க வேண்டும் என்றால், கோரிக்கையை ஒரு நீதிபதி படித்துக் கையெழுத்துப் போட ஒரு மணி நேரம் ஆகலாம். வீட்டைச் சோதனையிட மாஜிஸ்திரேட்டிடம் வாரண்ட் வாங்கும் காவல் துறைக்கு இது புதிய பழக்கம் இல்லை.

இதையே வேறு பக்கமிருந்தும் பாருங்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் குமுளியை நோக்கித் திரண்டார்கள். விவசாயச் சங்கத்தினர், வியாபாரிகள், கல்லூரி மாணவர்கள் போனில்தான் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள். பொது ஒழுங்கு என்பது ஒட்டுக்கேட்புக்கு அன்றும் இன்றும் சட்டம் ஏற்கும் காரணங்களில் ஒன்று. தண்ணீருக்காகத் தெருவில் இறங்கிய ஒரு விவசாயியின் பேச்சு அப்படிக் கேட்கப்பட்டதா என்று அவர் அறிய எந்த வழியும் சட்டத்தில் இல்லை. அன்றைக்கும் இல்லை, இனியொரு போராட்டம் வந்தாலும் இல்லை. விடியற்காலையில் ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பும் கூலிப் பெண்ணின் போன், நாள்தோறும் இரண்டு மாநில உள்துறைகளின் எல்லைக்குள் போய்வருகிறது. இரண்டில் எது கேட்டாலும் அவருக்குச் சொல்லப்போவதில்லை.

அரசுக்கு மட்டும் என்று வைத்த கதவு அரசுக்கு மட்டுமே பயன்படும் என்ற உறுதியும் கிடையாது. கிரேக்கத்தில் 2004 ஒலிம்பிக் காலத்தில் வோடஃபோன் நிறுவனத்தின் இணைப்பகத்துக்குள் யாரோ புகுந்து, சட்டப்படியான இடைமறிப்புக்காக மென்பொருளில் வைத்திருந்த வசதியையே இயக்கி, பிரதமர் கோஸ்டாஸ் கரமன்லிஸ் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோரின் போன்களை மாதக்கணக்கில் கேட்டார்கள். அமெரிக்காவில் 1994 சட்டத்தின்படி நிறுவனங்கள் கட்டித்தந்த இடைமறிப்பு அமைப்புகளுக்குள் சீன ஊடுருவல்காரர்கள் நுழைந்ததாக 2024-இல் செய்தி வெளியானது. அமெரிக்காவில் ஒட்டுக்கேட்க நீதிமன்ற ஆணை வேண்டும், பிரிட்டனில் அமைச்சரின் உத்தரவை நீதித் துறை ஆணையர் ஏற்க வேண்டும். அத்தனை காவல் இருந்தும் அங்கே இந்த நிலை. நம்மிடம் நீதிபதியே இல்லை.

நம் உச்ச நீதிமன்றத்துக்கு இந்த யோசனை அந்நியமும் அல்ல. 2017 ஆகஸ்ட் 24 அன்று அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். 2018 செப்டம்பரில் ஆதார் வழக்கில், தேசப் பாதுகாப்புக்காக ஆதார் தகவலை வெளியிட ஓர் இணைச் செயலாளரின் உத்தரவு போதாது, நீதித் துறை அதிகாரி ஒருவரும், முடிந்தால் அவர் உயர் நீதிமன்ற நீதிபதியாகவே, அந்த முடிவில் இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அட்டையில் இருக்கும் விவரத்துக்கு ஒரு நீதிபதி தேவை என்றால், அம்மாவும் மகனும் பேசிக்கொள்ளும் பேச்சுக்கு ஏன் வேண்டாம்?

நாடாளுமன்றம் செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. ஒவ்வொரு இடைமறிப்பும் ஒரு நீதிபதியின் கையெழுத்தோடு தொடங்க வேண்டும். உண்மையான அவசரம் என்றால் 48 மணி நேரத்துக்குள் நீதிபதியிடம் போக வேண்டும். 69-ஆம் பிரிவை, குறைந்தபட்சம், தொலைபேசிக்கு இருக்கும் வரம்புக்குள் கொண்டுவர வேண்டும். விசாரணை முடிந்து, குற்றம் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு, சம்பந்தப்பட்டவருக்கு அதைத் தெரிவிக்க வேண்டும். தொலைதூரப் பகுதிக்கான விதிவிலக்கை அடியோடு நீக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்காமல் தமிழ்நாடு அரசே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. மாநிலத்தில் இந்த உத்தரவுகளைப் போடுவது மாநில உள்துறை, ஆய்வு செய்வது தலைமைச் செயலாளர் தலைமையிலான குழு. ஆண்டுக்கு எத்தனை உத்தரவுகள் பிறப்பிக்கப்பட்டன, எத்தனை அவசரத்தின் பேரில் முன்அனுமதி இல்லாமல் தொடங்கின, எத்தனையை மறுஆய்வுக் குழு ரத்துசெய்தது என்ற மூன்று எண்களை உள்துறை மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைக்கட்டும். பெயர் வேண்டாம், வழக்கு விவரம் வேண்டாம். எண்ணிக்கையைச் சொல்வதால் எந்த விசாரணையும் கெடப்போவதில்லை. தேனி மாவட்டத்தின் சட்டமன்ற உறுப்பினர்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும், வரும் கூட்டத்தொடரிலேயே இந்தக் கேள்வியை எழுப்ப வேண்டும்.